கப்பலேறி வந்த கிறிஸ்துமஸ் மரங்கள்

முத்துக்குளித்துறைப் பங்குகளின் இளையோர் குழுக்களுக்கும், ஆண்டுதோறும் குடில் கட்டி மரம் நாட்டும் அன்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தூத்துக்குடியிலும், தெற்கே புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு வரையிலும் பழைய வீடுகளின் பரணில் கிடக்கும் செயற்கைக் கிறிஸ்துமஸ் மரங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஜிகினாத் தாளை மெல்லிய இழைகளாக நறுக்கிக் கம்பியில் சுற்றிய வெள்ளி மரம் ஒன்று. பச்சை பிளாஸ்டிக் இழைகளைக் கம்பிக்குள் முறுக்கி ஊசியிலை போலக் காட்டும் மரம் மற்றொன்று. இரண்டும் மூன்றடி, நாலடி உயரம்தான். மேசைமேலோ, முன்னறை மூலையில் ஸ்டூல்மேலோ நிற்பவை. டிசம்பர் 3இல் சவேரியார் திருநாள் கழிந்ததும் பரணிலிருந்து இறங்கும். ஜனவரி 6இல் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் மறுபடி ஏறும். இந்த மரங்களைச் சில வீடுகள் இப்போது குப்பையில் போடுகின்றன. வேறு சில வீடுகளிலோ, வெளியூரில் குடியேறிய பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கேட்கும் முதல் கேள்வியே அந்தப் பழைய மரம் எங்கே என்பதுதான்.

செயற்கை மரம் பிளாஸ்டிக்கோடு பிறந்ததல்ல. கிறிஸ்துமஸுக்காக இளம் ஃபிர் மரங்களை வெட்டுவது காடுகளுக்குக் கேடாக முடிந்தபோது, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயமேற்றிக் கம்பியில் சுற்றி, அந்தக் கம்பிகளை மரக்கழியில் செருகி மரம் செய்தார்கள். இறகு மரத்தின் கிளைகளுக்கு நடுவே நிறைய இடைவெளி உண்டு. மரத்தில் மெழுகுவத்தி ஏற்றிய காலம் அது. தீப்பிடிக்காமல் இருக்கவும் அந்த இடைவெளி உதவியது. 1930களில் அடிஸ் என்ற பிரஷ் நிறுவனம், கழிப்பறை பிரஷ் செய்யும் இயந்திரத்தையே கொண்டு, பச்சைச் சாயமிட்ட மயிரால் மரம் செய்து விற்றது. கேட்க அவ்வளவு பக்தியாக இல்லைதான். ஆனால் இன்று கடையில் நிற்கும் பத்தடி பிளாஸ்டிக் மரம் வரைக்கும் கட்டுமானம் அதுவே: இரண்டு கம்பிகளை அருகருகே நீட்டி, நடுவே இழைகளைப் பரப்பி, கம்பிகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். முறுக்கு ஏற ஏற இழைகள் எல்லாத் திசையிலும் விரிந்து நிற்கும். அது ஒரு கிளை. இப்படி முப்பது நாற்பது கிளைகளைத் துளையிட்ட கழியில் செருகினால் மரம்.

பழைய பச்சை மரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு நுணுக்கம் தெரியும். ஒவ்வொரு கிளையின் அடிக்கம்பியிலும் ஒரு பொட்டுப் பெயின்ட்: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. கழியிலும் துளை வரிசைக்கு ஒரு நிறம். சிவப்புக் கிளை சிவப்பு வரிசையில், மஞ்சள் கிளை மஞ்சள் வரிசையில் என்று செருகிக்கொண்டே போனால் கீழே அகன்றும் மேலே குறுகியும் மரம் தானாக உருவெடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பூட்டிவிடலாம் என்ற கணக்கு அது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இந்தப் பெயின்ட் வெகுநாள் தாங்குவதில்லை. கம்பியில் துரு ஏற, நிறம் உதிர்ந்துவிடும். அதன்பிறகு கிளைகளைத் தரையில் பரப்பி, நீளம் பார்த்து வரிசைப்படுத்துவது வீட்டுப் பிள்ளைகளின் வேலையாகிவிட்டது. மரம் பூட்டுவதில் பாதி நேரம் இதிலேயே போகும். இன்று நினைத்து ஏங்குவோர் பலருக்கு நினைவில் தங்கியிருப்பதும், நின்ற மரத்தைவிட, பாச்சை உருண்டை வாசத்தோடு தரையில் பரப்பிக்கிடந்த அந்தக் கிளைகள்தான்.

வெள்ளி மரத்தின் கதை வேறு. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் மானிடோவாக் என்று ஒரு சிறுநகரம் உண்டு. அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்துகொண்டிருந்த அலுமினம் ஸ்பெஷால்டி கம்பெனி 1959இல் 'எவர்கிளீம்' என்ற பெயரில் அலுமினியத் தகட்டு மரங்களை விற்பனைக்கு இறக்கியது. பத்தாண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கிருந்து போயின. உலோக மரத்தில் மின்விளக்குச் சரம் சுற்றினால் ஷாக் அடிக்கும் என்பதால் அதற்கு விளக்கு கிடையாது. மரத்தடியில் ஒரு விளக்கு. அதன்முன் நான்கு நிறச் சில்லு மெதுவாகச் சுழலும். மரம் சிவப்பாகவும் நீலமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். விண்வெளிப் பயணம் பேச்சாக இருந்த நாள்களில் அது நாகரிகத்தின் உச்சம். 1965இல் சார்லி பிரவுன் என்ற கார்ட்டூன் சிறுவனின் தொலைக்காட்சிப் படம் அலுமினிய மரத்தைப் போலிப் பகட்டின் அடையாளமாகக் காட்டி நையாண்டி செய்தது. சில ஆண்டுகளில் வியாபாரம் படுத்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே ஊர்க்காரர்கள், வீட்டு நிலவறைகளில் கிடந்த மரங்களைத் தேடியெடுத்து, கடைத்தெரு ஜன்னல்களில் ஆண்டுதோறும் வரிசையாக நிறுத்தத் தொடங்கினார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் வந்த வெள்ளி மரங்களில் மிகப் பெரும்பான்மை அந்த அலுமினியம் அல்ல. அலுமினியப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் தாள். கண்டுபிடிப்பது எளிது. ஓர் இழையை விரலால் மடித்தால் அலுமினியம் மடித்தபடியே நிற்கும். பிளாஸ்டிக் திரும்ப நிமிரும். நிமிரும் மரங்கள் ஹாங்காங்கிலும் தைவானிலும் 1960களுக்குப் பிறகு லட்சக்கணக்கில் செய்து ஏற்றுமதி செய்யப்பட்டவற்றின் வாரிசுகள். மதிப்பில் எவர்கிளீம் மரத்துக்கு அவை ஈடாகா. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1920இல் ஒரு சிறுமிக்காக வூல்வொர்த் கடையில் ஆறு பென்ஸ் போன்ற சில்லறைக் காசுக்கு வாங்கிய இரண்டரை அடி மரம் 2023 டிசம்பரில் 3,400 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. இருபத்தைந்து கிளையும் சில சிவப்புக் காய்களும் உள்ள எளிய மரம் அது. ஒரே குடும்பம் நூறாண்டு பத்திரப்படுத்தியது என்பதற்குத்தான் அந்த விலை.

இந்தக் கரையில் மரத்துக்கு முந்தியது குடில். பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்று, 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய கரை இது, கத்தோலிக்கக் கரை. அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் தொடங்கிவைத்த குடில் மரபு கத்தோலிக்கருடையது. வீட்டுக்குள் மரம் நிறுத்துவதோ ஜெர்மானிய லுத்தரன் குடும்பங்களில் வேரூன்றி, விக்டோரியா அரசியின் அரண்மனை வழியாக ஆங்கிலேயரிடம் பரவிய வழக்கம். ரோமாபுரியே இதில் அவசரப்படவில்லை: வத்திக்கானின் பேதுரு சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் முதன்முதலாக நின்றது 1982இல், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் காலத்தில். தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயம் பேராலயமாக உயர்த்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆக, குடிலுக்குப் பக்கத்தில் மரம் வைப்பது வேத வழக்கமா என்று பெரியவர்கள் முணுமுணுத்திருந்தால் அதில் வியப்பில்லை. உள்நாட்டில் சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற சீர்திருத்த சபை ஊர்களில் இந்தத் தயக்கம் இருக்கக் காரணமில்லை.

மரம் வேண்டும் என்று தோன்றியபோது முதலில் கைகொடுத்தது சவுக்கு. ஆஸ்திரேலியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்ட சவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகத் தமிழகக் கடற்கரைகளில் பெருமளவில் நடப்பட்டது. பார்வைக்கு ஊசியிலை மரம். உண்மையில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. பச்சை ஊசிபோல் தெரிவது இலையன்று, கணுக்கணுவான மெல்லிய தண்டு. இலைகள் கணுவைச் சுற்றிப் பொடிப் பற்களாகச் சுருங்கியிருக்கும். ஒரு கணுவில் பிய்த்து மறுபடி பொருத்திவைத்து, எங்கே பிய்த்தேன் சொல் பார்ப்போம் என்று கேட்பது கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டு. மண்ணெண்ணெய் டின்னில் கடல்மணலை நிரப்பி, நல்ல சவுக்குக் கிளையை நட்டு, கலர் பேப்பர் ஒட்டி, மூங்கில் நட்சத்திரத்தைத் தலையில் கட்டினால் கிறிஸ்துமஸ் மரம். செலவு கிடையாது. ஆனால் நாலைந்து நாளில் காய்ந்து, கணுக்கள் உதிரத் தொடங்கும். புத்தாண்டுக்கு வெறும் குச்சிதான் மிஞ்சும். பிளாஸ்டிக் மரத்துக்குக் கதவு திறந்தது இங்கேதான். உதிராத மரம் என்பதே அதன் பெரிய கவர்ச்சி.

அது வந்த வழி கடல்வழி. வணிகக் கப்பல்களில் வேலைக்குப் போன மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ஐரோப்பியத் துறைமுகங்களிலும் இறங்கும்போது வாங்கி வந்தார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தோர் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். கொழும்பு இன்னொரு வழி. தூத்துக்குடித் தோணிகளுக்கும் கொழும்புக்கும் உள்ள உறவு பழையது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் பரதவர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. 1977இல் இலங்கை இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான் குவிந்தது. இந்தியாவிலோ பொம்மை, அலங்காரச் சாமான் போன்ற நுகர்பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் நீடித்தன; எஞ்சியிருந்த 715 பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1ஆம் தேதிதான் முழுமையாக நீங்கியது. இடைப்பட்ட அந்த இருபத்துச் சொச்ச ஆண்டுகளில் ஒரு தெருவில் ஒரு வீட்டில் செயற்கை மரம் இருந்தால், அந்த வீட்டில் பெரும்பாலும் கப்பல்காரர் ஒருவர் இருந்தார் என்று பொருள். வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊரில் 'பாரின் சாமான்' மோகம் இப்படிக் கொடிகட்டியது ஒரு முரண்தான். என்றாலும், பேராலயத்தின் பனிமய மாதா சுரூபமே 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பதுதான் மரபு. வெளியிலிருந்து வந்ததைத் தனதாக்கிக்கொள்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. செயற்கை மரத்தை அந்நியப் பகட்டு என்று ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மரத்தின்மேல் பனி வேண்டுமே. பனியே விழாத ஊர், பனிமய மாதாவைத் தாயாகக் கொண்ட ஊர். அங்கே மருத்துவமனைப் பஞ்சு பனியாயிற்று. இதைவிடப் பொருத்தமான பனி தூத்துக்குடிக்கு வாய்க்காது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி இந்தத் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றுபோனபோது இந்தப் பக்கத்துப் பருத்திக்கு விலை ஏறியது. ஹார்வி மில் வந்தது. கிரேட் காட்டன் ரோடு என்று ஒரு சாலைக்கே பெயர் வந்தது. மேலைநாட்டுக்காரர்கள் இரண்டாம் உலகப்போருக்கு முன்பு கல்நார்த் தூளைப் பனியென்று விற்று மரத்தின்மேல் தூவினார்கள்; நுரையீரலுக்கு நஞ்சு அது. பஞ்சில் அந்த ஆபத்து இல்லை. தீ மட்டும் நெருங்கக் கூடாது.

பச்சை மரத்தின் பிளாஸ்டிக்கும் முழுக்க அந்நியமானதல்ல. அது பி.வி.சி. அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். எஞ்சியதே பெட்ரோலியத்தின் பங்கு. குளோரின் உப்பிலிருந்து வருகிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரியும், குளோரின் பி.வி.சி. ஆகும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தூத்துக்குடி வட்டாரத்துக்கு. காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில், தாரங்கதாரா என்று ஊரார் சொல்லும் டி.சி.டபிள்யூ. ஆலையில் காஸ்டிக் சோடாவும் பி.வி.சி.யும் அரை நூற்றாண்டாக உற்பத்தியாகின்றன. ஹாங்காங் மரத்தில் இருப்பது தூத்துக்குடி உப்பு என்று சொல்ல வழியில்லை. ஆனால் உப்பளத்துக்கு நடுவே நிற்கும் பிளாஸ்டிக் மரம், வேதியியல் கணக்கில், பாதிக்கு மேல் உப்பளத்துச் சொந்தம்தான்.

முத்து விஷயம் சற்று உறுத்தலானது. பழைய மரங்களில் தொங்கும் சரங்களில் பாதி பிளாஸ்டிக் முத்துச்சரம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் கடலடி முத்துப்பார்களில் சிப்பி தேறவில்லை. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆய்வு நிறுவனத்தார் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உண்டாக்கினர்; தொழிலாக அது இங்கே பெருகவில்லை. முத்துக்கே பேர்போன கரையின் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கியது ஹாங்காங் பிளாஸ்டிக் முத்து. அந்தச் சரங்கள் கைவசம் இருந்தால் அவற்றையும் மரத்தோடு சேர்த்துக் காப்பதே முறை. கதையின் அந்தப் பகுதியை மறைக்கத் தேவையில்லை.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மரங்களுக்குச் சுற்றியது சீரியல் செட். ஊர் எலக்ட்ரீஷியன் கையால் பற்றவைத்தது. 230 வோல்ட் மின்சாரத்துக்கு 6 வோல்ட் சிறு பல்புகளை நேரடியாக இணைக்க முடியாது. முப்பத்தெட்டு நாற்பது பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் ஆளுக்கு ஆறு வோல்ட்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று பீஸ் போனால் மொத்தச் சரமும் இருண்டுவிடும். எது போனது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பல்பாகத் தொட்டு, அழுத்தி, மாற்றிப் பார்க்க வேண்டும். நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும் அவசரத்தில் இந்தத் தேடல் நடக்காத வீடு குறைவு. நினைவுக்கு இனிமை, கைக்கு ஆபத்து. ஒயரின் மேலுறை நைந்த பழைய செட்டை ஜிகினா மரத்தில் சுற்றினால், பூச்சில் உள்ள அலுமினியமும் கிளைக்கம்பியும் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பழைய மரத்தை வைத்துக்கொண்டு, விளக்கை மட்டும் குறைந்த வோல்ட் எல்.இ.டி. சரத்துக்கு மாற்றுவதே அறிவுடைமை. பழைய செட்டை விரும்புவோர் மின் இணைப்பு இல்லாமல் தொங்கவிடலாம்.

2001க்குப் பிறகு நிலை தலைகீழ். தூத்துக்குடித் துறைமுகத்தில் 1999இல் தனியார் கன்டெய்னர் முனையம் செயல்படத் தொடங்கியிருந்தது. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் யீவூ என்ற நகரம் உலகச் சந்தைக்கான கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பாதிக்கு மேல் தயாரிக்கிறது. அந்தச் சரக்கு எங்கும் போய்ச் சேர்வதுபோல் இங்கும் வந்தது. கப்பல்காரர் இல்லாத வீட்டுக்கும் மரம் வந்தது நல்ல செய்திதான். கிடைக்காத பொருளாக இருந்தபோது முப்பது ஆண்டு காத்த மரம், கிடைக்கும் பொருளானதும் மூன்று ஆண்டில் குப்பைக்குப் போவதுதான் கெட்ட செய்தி. இரண்டு மீட்டர் உயரச் செயற்கை மரம் ஒன்றைச் செய்து அனுப்புவதில் சுமார் 40 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான மாசு உண்டாகிறது என்பது பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் கணக்கு. வெட்டிய மரத்தை ஆண்டுதோறும் வாங்குவதைவிட அது மேலாக வேண்டுமானால் குறைந்தது பத்து ஆண்டாவது பயன்பட வேண்டும் என்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியலில் 2009இல் வெளியான ஆய்வு இருபது ஆண்டு என்றது. இவை ஃபிர் மரத்தோடு ஒப்பிட்ட கணக்குகள். விறகுக்கென்று வளர்த்த சவுக்கின் பக்கக் கிளையோடு ஒப்பிட்டால் புதிய பிளாஸ்டிக் மரம் எத்தனை ஆண்டானாலும் ஈடேறுவது கடினம். நாற்பது ஆண்டு உழைத்த பழைய மரத்துக்கு இந்தக் கணக்கில் கடனே இல்லை.

உயரப் போட்டியும் இப்போது தொற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பங்கைவிட ஒரு முழமாவது கூடுதல் என்ற எண்ணத்துக்கு எல்லை எது என்பதைக் கொழும்பு 2016இல் காட்டியது. காலிமுகத் திடலில், துறைமுக அமைச்சர் அர்ஜுன ரணதுங்கவின் முயற்சியில், துறைமுகத் தொழிலாளரும் தொண்டர்களும் நான்கு மாதம் உழைத்து 72.1 மீட்டர் உயரச் செயற்கை மரம் எழுப்பினர். இரும்பும் கம்பியுமான சட்டம், அதன்மேல் பிளாஸ்டிக் வலை, நிறமடித்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பைன் காய்கள், ஆறு லட்சம் எல்.இ.டி. பல்புகள். உலகிலேயே உயரமான செயற்கை மரம் என்ற கின்னஸ் சாதனையும் கிடைத்தது. இடையில் கர்தினால் மல்கம் ரஞ்சித், ஏழைகளுக்கு உதவக்கூடிய பணம் வீணாகிறது என்று கண்டித்ததால் வேலை சில நாள் நின்றது. கத்தோலிக்கரல்லாத அமைச்சர் மரம் எழுப்ப, கத்தோலிக்கத் தலைவர் வேண்டாம் என்ற விசித்திரம் அது. இனநல்லிணக்கத்துக்கான முயற்சி என்ற அமைச்சரின் விளக்கத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மரத்தைப் பரணில் ஏற்ற முடியாது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு எடுத்துப் பூட்டவும் முடியாது.

பழைய மரத்தைக் காப்பதில் சில எச்சரிக்கைகள் தேவை. அந்தக் காலத்து பி.வி.சி. சிதையாமல் இருக்க ஈயச் சேர்மங்கள் கலப்பது வழக்கம். ஆண்டுகள் ஆக ஆக இழைகள் நொறுங்கி ஈயம் கலந்த தூள் உதிரும். ஆகவே மரத்தைத் தட்டித் தூசி போக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையில் வைக்கக் கூடாது. கையில் எடுத்தால் கனமாக, தொங்கவிட்டால் நூல் பிடித்ததுபோல் நேராக விழும் பழைய வெள்ளி இழைகள் ஈய இழைகளாக இருக்கலாம். அமெரிக்காவில் 1972இல் அவற்றைக் கைவிட்டார்கள். அவை மரத்தில் வேண்டாம். மரத்தை வெயிலில் காயப்போடவும் கூடாது, பி.வி.சி. வெளிறி நொறுங்கும், நிழலில் உலர்த்தினால் போதும். துரு ஏறிய கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவிவைத்தால் ஓர் ஆண்டுக்குத் தாங்கும். கழி ஒடிந்திருந்தால் கவலையே இல்லை: தச்சரிடம் சவுக்குக் கழியில் புதிதாகத் துளை போட்டுக்கொள்ளலாம். பெட்டி எப்போதும் உயரத்திலேயே இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், மாவட்டமே வெள்ளத்தில் நின்றதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எரிக்கக் கூடாது என்பது. மூன்று ராசாக்கள் திருநாளுக்கு ஒரு வாரத்தில் போகி வந்துவிடுகிறது. பழையதைக் கழிக்கும் உற்சாகத்தில் தெருமுனை நெருப்பில் பிளாஸ்டிக் மரமும் சேர்ந்தால், அதன் குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாகவும் டையாக்சின் நஞ்சாகவும் வெளியேறும். கடற்கரையில் வீசினால் இழை இழையாகப் பிரிந்து நேரே மன்னார் வளைகுடாவுக்குப் போகும். 1986இல் 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது. பவளமும் கடல்புல்லும் ஆவுளியாவும் அங்கே இருக்கின்றன. வைத்துக்கொள்ள முடியாத மரத்தின் கம்பியைப் பிரித்து இரும்புக் கடைக்கும், இழையைச் சாக்கில் கட்டி மாநகராட்சியின் உலர்குப்பைக்கும் கொடுக்க வேண்டும்.

இளையோர் குழுக்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. புதிய மரம் வாங்க நிதி திரட்டும் முன், தங்கள் பங்கில் எத்தனை வீட்டுப் பரணில் பழைய மரம் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்கலாம். கேரல் பாடப் போகும் இரவுகளிலேயே இதையும் விசாரித்துவிடலாம். கொடுக்க மனமுள்ளவர்களிடம் இரவலாக வாங்கி, மானிடோவாக் ஊரார் செய்வதுபோல், பங்கு மண்டபத்தில் திருவருகைக் காலம் முழுவதும் வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொரு மரத்தின் கீழும் ஓர் அட்டை: யார் வாங்கியது, எந்தக் கப்பலில் வேலை, எந்தத் துறைமுகத்தில் இறங்கி வாங்கியது, எந்த ஆண்டு, என்ன விலை. வரிசையின் கடைசியில் மண்ணெண்ணெய் டின்னில் ஒரு சவுக்குக் கிளையும் நிற்கட்டும். அந்த அட்டைகளைப் பிறகு ஒரு நோட்டில் ஒட்டி, திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கும் அலமாரியிலேயே வைத்துவிட வேண்டும். இந்த வேலையை இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட முடியாது. மரங்கள் தாங்கும்; ஹாங்காங்கிலும் கொழும்பிலும் அவற்றை வாங்கிவந்த கப்பல்காரர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.